வவுனியாவில் பிடிபட்ட தம்பியைத் தேடிப் போனபோது

என் தம்பியை 1998ஆம் ஆண்டு நடுப்பகுதியில், இலங்கையின் வடக்கே இருக்கும் வவுனியாவில், ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் வெளியே வந்தது 2001இல். இடையில் நடந்ததை எங்கள் வீட்டில் யாரும் விலாவாரியாகப் பேசுவதில்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவனை உள்ளே வைத்திருந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், அதாவது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அண்மையில் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர், கொழும்புக்கு வேலைக்குப் போன மகனைப் பிடித்துவிட்டார்கள் என்று என்னிடம் வந்து, "முதல்ல எங்கம்மா போகணும்?" என்று கேட்டார். அதே கேள்வியை நான் கேட்டபோது பதில் சொல்ல ஒருவர்கூட இருக்கவில்லை. அந்தப் பதிலைத்தான், எனக்குத் தெரிந்த அளவில், எழுதுகிறேன்.

நாங்கள் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்தெடுத்தார், அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, நான் பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டேன். மலையகத்துப் பையனுக்கு வவுனியாவில் என்ன வேலை என்று பொலிஸிலிருந்து நீதிமன்றம்வரை கேட்டார்கள். 1977 ஆகஸ்ட் வன்செயலில் லயத்தை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டு ஓடிய ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறின. எங்கள் பெரியம்மா குடும்பம் அதில் ஒன்று. தம்பி எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், தோட்டத்தில் பெயர் பதிய மனமில்லாதவன். 1997இல் பெரியப்பா சொல்லி வவுனியா நகரில் ஒரு பலசரக்குக் கடையில் அவனுக்கு வேலை கிடைத்தது. சம்பளமும் சாப்பாடும் தந்து, படுக்கக் கடையிலேயே இடம் கொடுத்தார்கள்.

அவனிடம் தேசிய அடையாள அட்டை இல்லை. எனக்கு இருந்தது, சாதாரண தரப் பரீட்சைக்காகப் பள்ளிக்கூடமே விண்ணப்பித்து எடுத்துத் தந்தது. பரீட்சைவரை போகாத பிள்ளைக்கு அதைச் செய்ய ஆளில்லை. அவனுடைய பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத வேண்டிய கூடும் வெறுமையாக இருந்தது. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் தோட்டத்து ஒப்பீஸ்தான் பதிவாளருக்கு அறிவிக்கும். பெயர் வைப்பதற்கு முன்பே அறிவித்துவிடுவார்கள், அப்புறம் பெயரைச் சேர்க்க யாரும் போவதில்லை. இப்படிப் பெயரில்லாத சான்றிதழோடு வளர்ந்தவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். இதோடு குடியுரிமைப் பிரச்சினை வேறு. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் எங்கள் சனத்தை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகப் பங்கு போட்ட பிறகு, இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டுப் போக முடியாமல் தங்கிய குடும்பங்கள் எங்கள் லயத்திலேயே இருந்தன. இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றுவிட்டது. அவர்களுக்கு இங்கே குடியுரிமைக்கு வழி கிடைத்தது 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான்.

தம்பி, தோட்டத்தை நடத்தும் துரை தந்த கடிதம் ஒன்று, கிராம சேவகரின் கடிதம் ஒன்று, இரண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். போர் நடக்கிற ஊரில் அது ஒன்றுக்கும் உதவவில்லை. வேலைக்கு வெளியூர் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால், பஸ் ஏறுவதற்கு முன் இந்த வேலையை முடியுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்ப்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டுச் செய்யலாம். அடையாள அட்டை வரும்வரை தபால் நிலையத்தில் படம் ஒட்டிய தபால் அடையாள அட்டை எடுக்கலாம். எல்லாவற்றிலும் நகல் எடுத்து ஒன்றை வீட்டிலும் ஒன்றை வேலை செய்யும் இடத்து முதலாளியிடமும் கொடுத்து வையுங்கள். பிடிபடும்போது பையில் இருப்பது எல்லாம் பறிபோய்விடும்.

அன்றைய வவுனியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1997 மே 13இல் ஜயசிக்குறு என்ற பெயரில் ராணுவம் அங்கிருந்து வடக்கே ஏ9 பாதையைப் பிடிக்கப் புறப்பட்டது. நகரம் அந்தச் சண்டைக்குப் பின்தளம். காலையில் ஆமிக்காரர் பாதையோரமாக நடந்து கண்ணிவெடி பார்த்து முடித்த பிறகுதான் கடைகள் திறக்கும். லொறி லொறியாகப் பையன்கள் வடக்கே போவார்கள், அம்புலன்ஸ்கள் தெற்கே வரும். வன்னியிலிருந்து தப்பி வந்த சனம் முகாம்களில் அடைபட்டு, வெளியே போகப் பாஸுக்குக் காத்துக் கிடந்தது. வெளியிலிருந்து வரும் தமிழர் அந்த நகரில் ஒரு இரவு தங்குவதற்கும் பாஸ் வேண்டும். ஒருநாள் பாஸ், ஒருவாரப் பாஸ், ஒருமாதப் பாஸ் என்று வகை வகையாக இருந்தது. ராணுவத்தோடு சேர்ந்து இயங்கிய தமிழ் இயக்கங்களின் முகாம்கள் நகருக்குள்ளே இருந்தன. புலிகளின் ஆட்களும் மறைவாக வந்து போனார்கள். யார் யாரோடு பேசினார்கள் என்பதை எல்லோரும் கவனித்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் கடைக்காரரும் ஆமிக்காரரும் நாள்தோறும் முகம் பார்த்துப் பழகத்தான் வேண்டியிருந்தது. சவர்க்காரம், பிஸ்கட், சிகரட் எல்லாம் தம்பியின் கடையில்தான் அவர்கள் வாங்கினார்கள். பாதிப் பேர் அவன் வயதுப் பையன்கள். தலவாக்கலைக் கடைவீதியில் வளர்ந்தவன் என்பதால் அவனுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அவர்களுக்குக் கடன் எழுதுவான், ஊருக்கு எழுதும் கடிதத்துக்கு முத்திரை வாங்கித் தருவான். காலையில் அவனிடம் பகிடி விட்டுப் போனவர்கள் சுற்றிவளைப்பு நாளில் அவனைத் தெரியாதவர்கள் போல நின்றார்கள் என்று பிறகு சொன்னான். அடி உதையைவிட அதைத்தான் அவன் அதிகம் சொல்லியிருக்கிறான்.

அன்று விடியற்காலையில் அந்தத் தெருவில் இருந்த ஆண்கள் எல்லோரையும் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போய் வரிசையில் விட்டார்கள். முகத்தை மூடிய தலையாட்டி, அதாவது ஆட்களைக் காட்டிக்கொடுக்கத் தலையை ஆட்டுகிறவர், ஒருவர் ஜீப்புக்குள் இருந்தார். தம்பி முன்னால் வந்தபோது அந்தத் தலை ஆடியதா இல்லையா என்று அவனுக்கே தெரியவில்லை. அடையாள அட்டை கேட்டார்கள், இல்லை. ஊர் கேட்டார்கள், தலவாக்கலை என்றான். சிங்களத்தில் கேட்டதற்குச் சிங்களத்திலேயே பதில் சொன்னான். அங்கேதான் வினை வந்தது. அட்டை இல்லாத தோட்டத்துப் பையன், நன்றாகச் சிங்களம் பேசுகிறான், வவுனியாவில் இருக்கிறான். கொழும்பில் குண்டு வைக்கப் பழக்கியிருக்கிறார்கள் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

கடை முதலாளி தலவாக்கலையில் ஒரு கடைக்குப் போன் எடுத்துச் சொல்லி, அந்தச் செய்தி பொழுது சாய்ந்துதான் எங்கள் லயத்துக்கு வந்தது. அம்மா சத்தம் போடவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாள் காலையில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் என்னைப் பார்த்ததும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த வருடம் ஜனவரி 25இல் கண்டி தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கமும் எல்லோரும் பயந்துதான் கிடந்தார்கள். பெயர் அடிபட்ட வீட்டோடு பழகினால் தங்கள் பிள்ளைக்கும் ஆபத்து வரும் என்ற பயம் அது. இப்போது எனக்கு அது புரிகிறது. அன்றைக்கு நான் கொண்ட கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

அப்பா ஆண்பிள்ளை, அவரும் போனால் அவரையும் பிடிப்பார்கள் என்று நான்தான் புறப்பட்டேன். கண்டிக்குப் போய் மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி வழியாகப் பஸ். வவுனியாவுக்கு முன்னால் இரட்டைப்பெரியகுளம் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, பையைக் கொட்டி, தமிழர்களைத் தனி வரிசையில் விட்டார்கள். பாஸ் எடுக்கவே பாதி நாள் போனது. வவுனியாவில் பெரியம்மாவின் பக்கத்து வீட்டு அம்மா, "எங்க இருந்து வாறியள் பிள்ளை?" என்று விசாரித்துவிட்டு, நான் தோட்டம் என்றதும் சட்டென்று பேச்சைக் குறைத்துக்கொண்டார். அந்த ஊரில் எங்களைத் தாழ்வாகப் பார்ப்பவர்கள் இருந்தார்கள். ஆனால் பெரியம்மா வீட்டில் இடம் போதாதபோது எனக்குப் பாய் போட்டுச் சோறு தந்ததும் அந்த அம்மாதான். அவருடைய மகனும் காணாமல் போனவன் என்று பிறகு தெரிந்தது.

முகாம் வாசலுக்கு நாள்தோறும் போனேன். "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். வாசலில் நிற்பதற்கு முன்னால் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதியுங்கள். எழுத மறுப்பார்கள், நாளைக்கு வா என்பார்கள். பதியும்வரை அங்கேயே உட்காருங்கள். பதிந்ததும் முறைப்பாட்டின் இலக்கம், திகதி, எழுதியவரின் பதவி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், வயதான பெண் ஒருவரைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே போங்கள். இளைஞர்களைக் கூட்டிப் போகவே வேண்டாம். கண்ணால் கண்டவர்களிடம் அன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்: எத்தனை மணி, என்ன வாகனம், உடுப்பு என்ன நிறம், யார் யாரை ஒன்றாக ஏற்றினார்கள். ஒரு வாரம் போனால் கண்டவர்களுக்கே பயத்தில் எல்லாம் மறந்துவிடும். கடை முதலாளி நேரத்தையும் வாகனத்தையும் கடைக் கணக்குக் கொப்பியிலேயே குறித்து வைத்திருந்தார். மூன்று வருடம் கழித்து வழக்கில் அது எங்களுக்கு உதவியது.

முகாமுக்கு எதிரே தேநீர்க் கடையில் ஓர் ஆள் அறிமுகமானார். தம்பியைத் தான் பார்த்ததாகவும், உள்ளே இருக்கும் பெரியவர் ஒருவர் தனக்கு வேண்டியவர் என்றும், இருபத்தையாயிரம் கொடுத்தால் இரண்டு நாளில் வெளியே எடுக்கலாம் என்றும் சொன்னார். அம்மாவின் ஒரு பேருக்கு, அதாவது ஒருநாள் வேலைக்கு, அப்போது நூறு ரூபாய்க்கு அக்கம்பக்கம்தான் சம்பளம். அம்மாவின் தோடு, என் சங்கிலி, நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்கிய கடன், எல்லாம் சேர்த்துக் கொடுத்தோம். அந்த ஆளை அப்புறம் காணவில்லை. இப்படிப்பட்டவர்கள் எல்லா முகாம் வாசலிலும் இருந்தார்கள். இன்றைக்கும் இருக்கிறார்கள், இப்போது போனில் வருகிறார்கள். உள்ளே இருப்பவரைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், வீட்டாருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை உள்ளே கேட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள். சின்ன வயதில் வீட்டில் வளர்த்த மாட்டின் பெயர் என்ன, எந்தக் கையில் தழும்பு இருக்கிறது என்று ஏதாவது ஒன்று. அதைச் சொல்லாதவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

உண்மையாக உதவியது வாசல் சென்றியில் நின்ற ஒரு சிப்பாய். என் சிங்களத்தைக் கேட்டு, "அக்கே, நுவரெலியா பக்கமா?" என்றான். தலவாக்கலை என்றேன். தான் வலப்பனை என்றான், அவன் வீட்டைச் சுற்றியும் தேயிலைதானாம். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அடுத்த நாள் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "இங்கே நிற்க வேண்டாம். முந்தாநாள் சில பேரைக் கொழும்புக்கு ஏற்றினார்கள். மனித உரிமைகள் ஒப்பீஸுக்குப் போங்க." இதைச் சொன்னதற்கு அவனுக்கு என்ன தண்டனை கிடைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "பின் சித்தவெய் மாத்தயா" (புண்ணியமாகப் போகட்டும் ஐயா) என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த உடுப்பைப் பார்த்தாலே எனக்கு இன்றும் வயிறு பிசையும். ஆனால் அந்தப் பையன் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்தானா என்று தலவாக்கலையிலிருந்து ராகலைப் பக்கம் போகும்போதெல்லாம் நினைக்காமல் இருந்ததில்லை.

பொலிஸில் பதிந்த கையோடு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், அதற்குப் பிறகு கதவு மூடிவிடும். ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இந்த ஒரு விவரம் தெரியாமல் உரிமையை இழந்த குடும்பங்கள் பலவற்றைக் கண்டிருக்கிறேன். இப்போது 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தாலும் முறையிடலாம். ஆனாலும் எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி வாங்குங்கள்.

அங்கிருந்து ஐ.சி.ஆர்.சி.க்கு, அதாவது சர்வதேச செஞ்சிலுவைக் குழுவுக்கு, போகச் சொன்னார்கள். அவர்கள் தடுப்பிடங்களுக்குப் போய்க் கைதிகளைப் பதிகிறவர்கள். முதலில் தேடியபோது தம்பியின் பெயர் இல்லை. எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. அங்கே இருந்த ஒரு பெண் பொறுமையாக, அப்பாவின் பெயரை முன்னால் போட்டு, பின்னால் போட்டு, சிங்களத்தில் எழுதினால் எப்படி வரும் என்று மாற்றிப் பார்த்து, வேறு எழுத்தில் அவனைக் கண்டுபிடித்தார். கொழும்பில் ஒரு தடுப்பிடத்தில் இருந்தான். நீங்கள் தேடப் போகும்போது பெயரை எழுதக்கூடிய எல்லா விதத்திலும் எழுதிக் கொண்டு போங்கள், வீட்டில் கூப்பிடும் பெயர் உட்பட. எங்கள் ஆட்களின் பெயரைப் பதிகிறவர்கள் ஆளுக்கொரு விதமாகத்தான் எழுதுவார்கள்.

முதன்முதலில் பார்த்தபோது தம்பி என்னிடம் கேட்டது, "அக்கா, கடையில என் சம்பளம் பாக்கி இருக்கு, வாங்கிட்டியா?" என்றுதான். அதற்குமேல் பேச விடவில்லை. அவன் காலை நீட்டி உட்கார முடியாமல் இருந்ததைப் பார்த்தேன். சிங்களத்தில் தட்டச்சு செய்த தாள்களில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவனுக்குப் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஏ.எஸ்.பி. (உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்) தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தை இந்தச் சட்டத்தில் சாட்சியாக எடுக்கலாம். பலாத்காரமாக வாங்கியது என்று நிரூபிக்கும் பாரமும் கைதியின் தலையில்தான். மூன்று மாதம் மூன்று மாதமாகத் தடுப்புக்காவல் உத்தரவை நீடித்து 18 மாதம்வரை நீதிமன்றத்தில் வழக்கில்லாமல் வைத்திருக்க அன்று முடிந்தது. 2022இன் திருத்தத்தில் அது 12 மாதமாகக் குறைந்திருக்கிறது. ஆகவே உறவினரைப் பார்க்கக் கிடைக்கும் முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள்: வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போடாதே, போடாமல் தப்ப முடியாவிட்டால் கையெழுத்துக்குக் கீழே தமிழில் "வாசித்துக் காட்டப்படவில்லை" என்று எழுது. நீதவான் முன் கொண்டுவரும் முதல் நாளே காயங்களைக் காட்டி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்கச் சொல்லுங்கள். ஆறிய காயத்துக்குச் சாட்சி கிடையாது.

அதற்குப் பிறகு பிள்ளை மடுவத்து வேலையில் பாதிச் சம்பளமும் இல்லாமல் கொழும்புக்கும் தெற்கே ஒரு சிறைக்கும் அலைந்தேன். இரவு மெயில் ரயிலில் ஏறிக் காலையில் கொழும்புக் கோட்டையில் இறங்கி, பகல் முழுக்க வரிசையில் நின்று, கால் மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்புவது. ஐ.சி.ஆர்.சி. பயணச் செலவில் ஒரு பங்கு தந்தது பெரிய உதவி. முதலில் பிடித்த சட்டத்தரணி பணம் வாங்கிக்கொண்டு தவணைக்கு வரவே இல்லை. இரண்டாமவர் பணம் வாங்காமல் பார்த்தார், அவரை எனக்குக் காட்டியது சிறை வாசலில் என்னோடு வரிசையில் நின்ற மட்டக்களப்புத் தாய் ஒருவர். மொத்தத்தில் எண்பதாயிரத்துக்கு மேல் போயிற்று. அந்தக் கடனை அம்மா ஓய்வு பெற்றபோது வந்த சேமலாப நிதியில்தான் அடைத்தோம். எனக்கு வந்த சம்பந்தம் ஒன்றும் அந்த நேரத்தில் நின்றுபோனது. அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

2000ஆம் ஆண்டில், குற்றத்தை ஒப்புக்கொண்டு புனர்வாழ்வுக்குப் போனால் சீக்கிரம் வெளியே வரலாம் என்று அவனிடம் பேசினார்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ, எங்கள் மலைநாட்டுக்குள்ளேயே, வீட்டுக்கும் பக்கம். அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. சட்டத்தரணி பொறுக்கச் சொன்னார். அந்த ஒக்டோபர் 25இல் அந்த முகாமுக்குள் கும்பல் புகுந்து 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை அடித்தும் வெட்டியும் எரித்தும் கொன்றது. அரசாங்கத்தின் பாதுகாப்பில் இருந்த பிள்ளைகள். மலையகம் கொதித்தது, தலவாக்கலையில் சனம் வீதிக்கு இறங்கித் துப்பாக்கிச் சூடும் நடந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு, என் தம்பி அங்கே இல்லை என்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். அப்படி நன்றி சொல்ல வேண்டியிருந்ததே என்று அழுதேன்.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்தபோது, வாக்குமூலம் சுயமாகக் கொடுத்ததுதானா என்று தனியாக விசாரித்தார்கள். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும், கடை முதலாளியின் கொப்பியும், ஆணைக்குழுவில் நான் கொடுத்த முறைப்பாட்டின் முத்திரையும் அங்கே பேசின. நீதிபதி வாக்குமூலத்தை ஏற்கவில்லை. வேறு சாட்சி எதுவும் இல்லாததால் 2001இல் விடுவித்தார்கள். சில மாதத்தில், 2002 பெப்ரவரியில், போர்நிறுத்தம் வந்தது.

வெளியே வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிடித்த பதிவு ஒரு ஒப்பீஸில் இருக்கும், விடுவித்த பதிவு இன்னொரு ஒப்பீஸில் இருக்கும், இரண்டும் சந்திப்பதில்லை. பல வருடம் கழித்துத் தம்பி கட்டாருக்குப் போகப் பொலிஸ் சான்றிதழ் கேட்டபோது, பழைய கைது மட்டும் வந்து நின்றது. விடுதலை உத்தரவின் உறுதிப்படுத்திய பிரதியைக் காட்டித்தான் அது தெளிந்தது. அதற்குள் முகவர் வேறு ஆளை அனுப்பிவிட்டார், வைத்தியப் பரிசோதனைக்குக் கட்டிய காசும் போனது. ஆகவே விடுதலையான வாரத்திலேயே நீதிமன்றப் பதிவறையில் விண்ணப்பித்து, உறுதிப்படுத்திய பிரதிகள் நாலைந்து எடுத்துவிடுங்கள். ஒன்றை உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒன்று கிராம உத்தியோகத்தருக்கு. ஒன்றை வெளியே போகும்போது அவர் கையிலேயே வைத்திருக்கட்டும். மிச்சத்தை வீட்டில் வைக்கும்போது மழைத்தண்ணீர் படாத இடமாகப் பாருங்கள், லயத்துக் கூரை எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.